காய்ச்சலே வராத கை

என்னை முதலில் கெடுத்தவள் ஒரு டாக்டரம்மா. பெயர் ஹெப்சிபா. நாசரேத்துப் பக்கத்துக்காரி. இரண்டாவது ஆள் நான் பெற்ற மகள். வரிசையை மாற்றிவிடக் கூடாது தம்பி. முதலில் யார், அடுத்து யார் என்பது எனக்கு முக்கியம்.

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள், செங்கோட்டையில்தானே இறங்குவீர்கள். இந்த வாளியை மடியில் வைத்துக்கொள்ள இடம் இருந்தால் எனக்குப் போதும். பஸ் இப்போதைக்கு நகராது. முன்னால் எத்தனை வண்டி நிற்கிறது பார்த்தீர்களா? கேரளாவில் ஏதோ புதுக் காய்ச்சலாம். வௌவாலிலிருந்து மனுஷனுக்கு வருகிறதாம். மலை இறங்குகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, துப்பாக்கி மாதிரி ஒன்றை நெற்றிக்கு நேரே நீட்டிச் சூடு பார்த்துத்தான் செங்கோட்டைக்கு விடுவார்களாம். பார்க்கட்டும். என் நெற்றியை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கட்டும். எனக்குக் காய்ச்சல் வந்ததே கிடையாது. சின்ன வயதில் ஒருமுறை வாரக்கணக்கில் பாயோடு கிடந்தேன் என்று எங்கள் அம்மா சொல்லுவாள். தலைமுடியெல்லாம் கொட்டிப்போனதாம். அது காய்ச்சல் இல்லை, கண்ணேறு.

நான் தவசுப்பிள்ளை. எங்கள் பக்கம் கல்யாணச் சமையல்காரனை அப்படித்தான் சொல்வார்கள். ஆவுடையப்பன் என்று கேட்டுப் பாருங்கள், கடையத்திலிருந்து சுரண்டை வரைக்கும் தெரியும். அதாவது, தெரிந்திருந்தது. சாம்பாரும் சொதியும் யாரும் வைத்துவிடலாம் தம்பி. அது அடுப்பு செய்கிற வேலை. என் பெயர் நின்றது கட்டுச்சாதத்தில்.

கல்யாணம் முடிந்து பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது, வழியில் சாப்பிடப் பெண்வீட்டார் சாதம் கட்டிக் கொடுப்பார்கள் அல்லவா? புளியோதரையை உதவியாள் கிளறுவான். தயிர்சாதத்தில் மட்டும் அடுத்தவன் கை படவிடமாட்டேன். விடியற்காலையில் சாதத்தைக் குழைய வடித்து, ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, பேருக்குக் கொஞ்சம் தயிர் விட்டு, முழங்கை வரை உள்ளே இறக்கிப் பிசைவேன். மத்தியானம் எங்காவது வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்தித் திறக்கும்போது பதமாக உறைந்திருக்கும். புளித்திருக்காது. கரண்டியால் கிண்டினால் அந்தப் பதம் வராது. கையின் சூடு வேண்டும்.

இன்னொன்று. எங்கள் தொழிலில் சோப்பு கிடையாது. சோப்பு வாசனை கையில் ஏறினால் பாலில் இறங்கிவிடும். வெளிக்குப் போய்வந்தால் மண்ணைப் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் விட்டுக் கழுவுவேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான். அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான். யார் செத்துப்போனார்கள்?

சரி, அந்த வருஷத்துக்கு வருகிறேன். கொரோனாவுக்கு ரொம்ப முன்னால். நல்ல முகூர்த்தங்கள் நிறைய விழுந்த வருஷம். மூச்சுவிட நேரமில்லை. என் மகள் கல்யாணமும் அதில்தான். குழல்வாய்மொழி என்று குற்றாலத்து அம்மன் பெயர் வைத்தேன், வீட்டில் குழலி. மாப்பிள்ளை பெயர் திருமலைக்குமார், பண்பொழிக்காரர், லாரி ஷெட் வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரி அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு அடிக்கடி வயிற்றில் காய்ச்சல் வரும். பலவீனமான உடம்பு. அதனால் மகளை அனுப்பிவைக்க ஒரு பொம்பளை இல்லை. நானேதான் சமைத்தேன், நானேதான் கட்டுச்சாதம் பிசைந்தேன். பெற்ற மகளுக்கு என்பதால் அன்றைக்கு இன்னும் கொஞ்ச நேரம் கூடவே பிசைந்தேன்.

ரெண்டு வாரம் போயிருக்கும். மாப்பிள்ளை வீட்டில் மூன்று பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவர் தம்பி, சம்பந்தியம்மா பிச்சம்மாள். மற்ற ரெண்டு பேரும் தேறிவிட்டார்கள். பிச்சம்மாள் மதினிக்குக் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்று சொன்னார்கள். போய்விட்டாள். நல்ல பொம்பளை. கல்யாணத்தன்று என் தயிர்சாதத்தை வாயில் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, இந்தக் கைய எங்க வீட்டுக்கே சீதனமாக் குடுத்திருங்க" என்று சொன்னவள்.

காரியம் முடிந்த கையோடு என் மகளைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். வந்த ராசி சரியில்லையாம். மாமியாரை முழுங்கிவிட்டாளாம். மாப்பிள்ளையின் அத்தைக்காரி தெருவில் நின்று சொல்லுகிறாள்: "இவ காலு வீட்டுக்குள்ள பட்ட நாள்ல இருந்து எங்க வீட்ல அடுப்பு ஒழுங்கா எரியலை. வச்சுக்கிடுங்க ஒங்க மகாலட்சுமிய!" குழலி முற்றத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள், சாயங்காலம் வரைக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. பண்பொழித் தண்ணீர் சரியில்லை என்று சொன்னேன். கேட்டால்தானே? ஒரு பெண்ணை ராசியில்லாதவள் என்று சொல்வது என்ன நியாயம் தம்பி? காரணமே இல்லாமல் ஒருத்தர்மேல் பழி போடுவது பாவம் இல்லையா? எனக்கு அது பொறுக்கவே பொறுக்காது.

அப்போதுதான் அந்த டாக்டரம்மா வந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை. அந்த வருஷம் அவள் வார்டில் இந்த வயிற்றுக் காய்ச்சல்காரர்கள் நிறையப் பேராம். ஒருத்தர் இந்த ஊர், இன்னொருத்தர் எங்கோ அந்த ஊர். ஒரே கிணறு இல்லை, ஒரே ஆறு இல்லை. அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறாள். ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் எவளாவது ஒருத்தி, "புது மருமக வந்த நேரம்" என்று புலம்பிக்கொண்டிருந்தாளாம். புலம்பலைக் கேட்டுவிட்டுச் சும்மா போகவேண்டியதுதானே? போகவில்லை. அந்தப் புதுப்பெண்களையெல்லாம் தேடிப்போய், "கல்யாணம் முடிஞ்சு ஒங்ககூட என்னம்மா வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறாள். நகை, பாத்திரம், பீரோ. "வேற?" கட்டுச்சாதம். "யாரு பிசைஞ்சது?"

எல்லாரும் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். பெருமையாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

அவள் வந்தபோது நான் பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். டாக்டர் என்கிற பவுசு இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அண்ணாச்சி, என்ன ஊத்துதீய?"

"உறை மோர்."

"ஒரு கரண்டிதானா? ஒரு கரண்டி எப்படி ஒரு அண்டாப் பால மாத்துது?"

"அது மாத்தும். நேத்தா மாத்துது?"

"அதுக்குள்ள உயிர் இருக்கு அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியாத உயிரு. ராத்திரியோட ராத்திரியா ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி அண்டாவையே பிடிச்சிரும். நூத்தம்பது வருசத்துக்கு முன்னால பிரான்சுல ஒரு பெரியவர் இதத்தான் கண்டுபிடிச்சுச் சொன்னாரு. பாலு புளிக்கிறதும் இப்படி ஒரு உயிராலதான், சீக்கு வாரதும் இப்படி ஒரு உயிராலதான்னு. அதுவரைக்கும் எல்லாரும் கெட்ட காத்துன்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க."

"இப்பமும் கெட்ட காத்துதான்" என்றேன்.

அவள் விடவில்லை. கதை கதையாகச் சொன்னாள். அந்தப் பெரியவருக்கும் முன்னால் வியன்னா என்று ஒரு பட்டணத்தில் ஒரு டாக்டர் இருந்தாராம். அங்கே ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற வந்த பொம்பளைகள் காய்ச்சலில் செத்துக்கொண்டே இருந்தார்களாம். பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் வந்து பிரசவம் பார்க்கிறார்கள், அதனால்தான் என்று இவருக்குப் பட்டதாம். மருந்து கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவிவிட்டு வாருங்கள் என்றாராம். கழுவினார்களாம், சாவும் குறைந்ததாம். அப்படியும் மற்ற டாக்டர்களுக்குக் கோபம். நம் கையிலா அழுக்கு என்று. கடைசியில் அந்த மனுஷன் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தாராம்.

"அப்போ டாக்டர்மாரே ஒத்துக்கிடலை?"

"ரொம்ப நாளு ஒத்துக்கிடலை அண்ணாச்சி."

"படிச்சவங்களே ஒத்துக்கிடாதத நான் எதுக்கும்மா ஒத்துக்கிடணும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தோடு போயிருந்தால் அவளை நான் மன்னித்திருப்பேன். போகவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினாள். எதற்கு என்று உங்களிடம் எப்படிச் சொல்ல? காலையில் நாம் எதைக் கழித்துவிட்டு வருகிறோமோ, அதில் கொஞ்சம் வேண்டுமாம்! ஊருக்கே சோறு போட்ட மனுஷனிடம் ஒரு பொம்பளை கேட்கிற பொருளா அது?

கொடுத்தேன். பயந்துகொண்டு கொடுக்கவில்லை. என்மேல் ஒன்றும் இல்லை என்று காட்டத்தான் கொடுத்தேன்.

மறுபடி வந்தாள். இருக்கிறதாம். என் பித்தப்பைக்குள் டைபாய்டுக் கிருமி குடித்தனம் நடத்துகிறதாம். என்னை ஒன்றும் செய்யாதாம், என் கை வழியாக அடுத்தவனைத்தான் பிடிக்குமாம். கேட்டீர்களா கதையை? திருடன் என் வீட்டில் இருக்கிறானாம், என் வீட்டில் மட்டும் திருடமாட்டானாம். அமெரிக்காவிலும் நூறு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு சமையல்காரி இருந்தாளாம். அவளுக்கும் ஒரு தலைவலி கூடக் கிடையாது, அவள் சமைத்த வீடுகளில்தான் காய்ச்சல். பிடித்து ஒரு தீவில் அடைத்தார்களாம். இனிமேல் சமைக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்ததால் வெளியே விட்டார்களாம். அவள் பெயரை மாற்றிக்கொண்டு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சமைத்தாளாம். மறுபடி பிடித்துச் சாகும்வரை அடைத்துவைத்தார்களாம்.

"பாவம் அந்தப் பொம்பளை" என்றேன்.

"செத்தவங்களும் பாவம்தான் அண்ணாச்சி" என்றாள்.

அவள் யார் கட்சி என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று.

என்னிடம் அவள் கேட்டது என்ன தெரியுமா? மாத்திரை சாப்பிட வேண்டும். பித்தப்பையில் கல் இருக்கிறதாம், அதை அறுத்து எடுத்துவிட்டால் கிருமியும் போக வழி உண்டாம். அதுவரை சமையலை விட வேண்டும். அதற்கப்புறமும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கரண்டியால்தான் கிண்ட வேண்டும். மாத்திரையைச் சாப்பிட்டுப் பார்த்தேன். நாக்கு மரத்துப்போயிற்று. உப்புத் தெரியவில்லை. உப்புத் தெரியாத தவசுப்பிள்ளையை எவன் கூப்பிடுவான்? மீதியைக் கோழிக்குப் போட்டேன். அறுவைக்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. ஒரு நோவும் இல்லாதவன் வயிற்றைக் கிழிக்கக் கொடுப்பானா?

அதன் பிறகுதான் அவள் அந்தத் துரோகத்தைச் செய்தாள். நேரே பண்பொழிக்குப் போனாள். திருமலைக்குமார் வீட்டு முற்றத்தில் சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொல்லியிருக்கிறாள்: "இந்தப் பிள்ளை ராசிக்கும் அந்தச் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வந்தது டைபாய்டு. வந்த வழி கட்டுச்சாதம்." மற்ற வீடுகளுக்கும் போயிருக்கிறாள். தள்ளிவைத்திருந்த பெண்களையெல்லாம் திரும்பக் கூட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளையே வந்து, கண்ணில் தண்ணீரோடு, குழலியை அழைத்துக்கொண்டு போனார்.

நல்லதுதானே என்கிறீர்களா? என் மகள் வாழப் போனாள், சரி. ஆனால் எதைக் கொடுத்து? என் கையைக் கொடுத்து! நாலு பேர் நடுவில் குழலி என்ன சொல்லியிருக்க வேண்டும்? "எங்க அப்பா கையில ஒண்ணும் இல்லை, நான்தான் ராசியில்லாதவ" என்று சொல்லியிருக்க வேண்டும். பெற்ற மகள் அதைச் சொல்லமாட்டாளா? சொல்லவில்லை. வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எப்பா, அந்த மாத்திரையவாவது சாப்பிட்டியளா?" மாமியார் செத்ததற்கு அழாதவள், அதைக் கேட்கும்போது அழுதாள்.

அந்த ஒரு கேள்வியோடு அவள் இரண்டாவது ஆள் ஆனாள்.

பிறகு என்ன? சமையலுக்கு அழைத்து ஒரு பாக்கு வெற்றிலை வரவில்லை. அடுப்பு மூட்டக் கூட யாரும் கூப்பிடவில்லை. மலையேறி இந்தப் பக்கம் வந்துவிட்டேன். ஆரியங்காவு தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கூலிக்காரர்களுக்குச் சமைக்கிறேன். பெயரையெல்லாம் மாற்றவில்லை. அவர்கள் அப்பன்பிள்ளை என்று கூப்பிட்டார்கள், நான் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். அங்கேயும் அவ்வப்போது ரெண்டு பேர் காய்ச்சலில் படுப்பார்கள். ரப்பர்ப் பால் நாற்றம் அப்படி.

கொரோனா வந்ததே, அப்போதுதான் கடவுள் கண்ணைத் திறந்தார். டிவியில் என்ன சொன்னார்கள்? "நன்றாக இருப்பவரிடமிருந்தும் பரவும்." எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை தம்பி. நாட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஆவுடையப்பன் ஆகிவிட்டார்கள்! கலெக்டரும் ஆவுடையப்பன், டாக்டரும் ஆவுடையப்பன். அந்த அமெரிக்காக்காரியை ஒரு தீவில் அடைத்தார்கள், இப்போது ஆளுக்கொரு தீவு. குழலி போன் பண்ணினாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். "எப்பா, இப்பமாவது வெளங்குதா? சோப்புப் போடுங்கப்பா" என்கிறாள். அந்த ஹெப்சிபாவும் பேப்பரில் பேட்டி கொடுத்திருந்தாளாம். இது கடைசி இல்லை, காட்டிலிருந்தும் வௌவாலிலிருந்தும் இன்னும் புதுசு புதுசாக வரும், கை கழுவுகிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள் என்று. குழலி எனக்கு வாசித்துக் காட்டினாள். இன்னும் என் கையைத்தான் சொல்கிறாள், பாருங்கள்.

பொறுங்கள், ஏறிவிட்டார்கள். வாம்மா. இந்தா நெற்றி. நல்லாப் பார். எவ்வளவு? காய்ச்சல் இல்லையா? சத்தமாகச் சொல்லம்மா, இந்தத் தம்பிக்குக் கேட்கட்டும். வாளியா? தயிர்சாதம்மா. பேத்திக்கு. பழமா? பழமெல்லாம் இல்லை. சரிம்மா, நல்லா இரு.

கேட்டீர்களா? காய்ச்சல் இல்லை! சர்க்காரே சொல்லிவிட்டது. பின்சீட்டுக்காரி பையிலிருந்த கொய்யாப்பழத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள், வௌவால் கடித்திருக்குமாம். என் வாளியைத் தொட்டுக் கூடப் பார்க்கவில்லை.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், பேத்திக்குத்தான். குழலிக்குப் பல வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. இப்போதுதான் நடக்கிறது, ரெண்டு பல் முளைத்திருக்கிறது. இன்றைக்குக் காதுகுத்து. எனக்குப் பையன் கிடையாது, தாய்மாமன் மடிக்கு ஆள் இல்லை. அதனால் என்னைக் கூப்பிட வேண்டியதாயிற்று. "வாங்க, பிள்ளைய மடியில வச்சுக்கிடுங்க, சாப்பிடுங்க. அடுக்களைக்குள்ள மட்டும் வராதீங்கப்பா. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்" என்றாள். வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குத் தவறமாட்டேன். அவள் அடுக்களையில் கால் வைக்கப்போவதில்லை. அதனால்தான் விடியற்காலையில் என் இடத்திலேயே பிசைந்து எடுத்துக்கொண்டு வருகிறேன்.

பிள்ளை மடியில் இருக்கும்போது, காது குத்தினால் அழும் அல்லவா, அப்போது வாயில் ஒரு உருண்டை வைத்துவிடுவேன். அழுகை நின்றுவிடும். நாலு பேர் பார்ப்பார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் குழலி என்னிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "அப்பா, நான் ஒங்களத் தப்பா நினைச்சுட்டேன்." அவ்வளவுதான் எனக்கு வேண்டும். பொன்னா கேட்கிறேன்?

ஏன் தம்பி முகம் வெளுத்துவிட்டது? பஸ் கிளம்பிவிட்டது, காற்று வரும். எதை, இதையா? பார்க்க வேண்டுமா? தாராளமாக. மூடியைத் திறக்கிறேன். எப்படி உறைந்திருக்கிறது பார்த்தீர்களா? மணம் வருகிறதா? கையில் வாங்கிப் பாருங்கள், கனம் தெரியும். மெதுவாக. வளைவு வருகிறது, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐயோ! என்ன செய்தீர்கள்? என்ன செய்துவிட்டீர்கள்? ஏ கண்டக்டர், வண்டியை நிறுத்து! கை தவறவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கவிழ்த்தீர்கள். கடைசிப் பருக்கை வரைக்கும் தட்டினீர்கள். ஒரு கைப்பிள்ளையின் சோற்றை!

வாளியைக் கொடுங்கள். பேச வேண்டாம். உங்கள் செங்கோட்டை வந்தால் இறங்கிப் போங்கள்.

என்ன? குழலி போன் நம்பரா? எதற்கு? தரமாட்டேன்.

நினைத்துவிட்டீர்களா, இத்தோடு தீர்ந்தது என்று? குழலி வீட்டில் அரிசி இருக்கும். பால் இருக்கும். விசேஷ வீடு, எல்லாம் வெளிப் பந்தலிலேயே இருக்கும். கை என்னிடம்தானே இருக்கிறது.

பண்பொழி வந்துவிட்டது, நான் இறங்குகிறேன். நீங்கள் எங்கே எழுந்திருக்கிறீர்கள்? செங்கோட்டை தாண்டியாகிவிட்டது தம்பி, நீங்கள் இறங்கவில்லை. குழலி வீட்டுக்கா? என்கூடவா? உங்களை யார் அழைத்தார்கள்?

சரி, வாருங்கள். வந்து என் மகள் என்னிடம் மன்னிப்புக் கேட்பதைக் கண்ணால் பாருங்கள். அதற்கு முன்னால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். முழுப் பெயரும் சொல்லுங்கள். மூன்றாவது ஆள் நீங்கள்.